ராஜாவின் இடக்கை

கல்லூரியின் மூன்றாவது மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கும் கால் உடைந்த நாற்காலிகளைக் குவித்து வைத்திருந்த அறைக்கும் நடுவில், உலகம் முழுவதும் இருந்தது. எகிப்து, ஜப்பான், மெக்சிகோ, மேற்கு ஆப்பிரிக்கா, மத்திய ஆசியா எல்லாம் துருப்பிடித்த தகர அலமாரிகளில், தீப்பெட்டி அளவுள்ள ஸ்லைடுகளாக அடுக்கப்பட்டிருந்தன. ஜன்னலைச் சாத்தி, கறுப்புத் திரையை இழுத்துவிட்டு, புரொஜக்டரைப் போட்டால், எதிர்ச் சுவரில் ஒரு நாகரிகம் எழுந்து நிற்கும். மின்சாரம் போனால் விழுந்துவிடும்.

இந்த உலகத்தின் ஏகச் சக்கரவர்த்திதான் நம் கதாநாயகர். உலகக் கலை வரலாறு என்ற பாடத்தை அந்தக் கல்லூரியில் நடத்திய ஒரே ஆசிரியர். நான்கு கண்டத்துச் சிற்பங்களையும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களைப் போல அறிந்தவர். ஆனால் எந்த நாட்டுக்கும் போனதில்லை. ஒருமுறை பாஸ்போர்ட் எடுக்கப் போனார். புகைப்படத்தில் காது சரியாகத் தெரியவில்லை, வேறு எடுத்து வாருங்கள் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். "உருவப்படக் கலையைப் பத்தி எனக்கே பாடமா?" என்று கோபித்துக்கொண்டு வந்தவர்தான். அதன்பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. உலகத்துக்குத்தான் நஷ்டம்.

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் இடக்கையார். அவருடைய பெற்றோர் வைத்த பெயரும் ஒன்று உண்டு. அதை வருகைப் பதிவேட்டில் தவிர யாரும் உபயோகித்ததாகச் சான்றில்லை.

பெயர் வந்த கதை, அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே தொடங்குகிறது. மத்திய ஆசிய ஓவியம் பற்றிய வகுப்பு. சுவரில் ஒரு ராஜா எழுந்தார். பெரிய சாம்ராஜ்யம் எல்லாம் இல்லை. பத்துக் குதிரையும் ஒரு மலையும் வைத்திருந்த குறுநில மன்னர்தான். சிவப்புக் கம்பளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு பூவை மூக்கருகே பிடித்திருந்தார். பூ இருந்தது இடக்கையில். வலக்கை சும்மா மடியில் கிடந்தது.

இடக்கையார் (அப்போது வெறும் வாத்தியார்) திரையின் முன் அப்படியே நின்றுவிட்டார். அன்று மாலைக்குள் அவருக்கு ஒரு தத்துவம் பிறந்துவிட்டது: வலக்கை கொல்லும், இடக்கை ரசிக்கும்.

அடுத்தடுத்த வகுப்புகளில் தத்துவத்துக்குத் தீனி கிடைத்துக்கொண்டே இருந்தது. எகிப்தில் எழுத்தர் இடக்கையால் எழுதினார். மெக்சிகோவில் பந்து விளையாடியவர் இடக்கையை ஓங்கினார். ஆப்பிரிக்காவில் முரசு அடித்தவரின் குச்சி இடக்கையில். வில்லாளி எல்லோரும் இடக்கையால் நாணை இழுத்தார்கள். சாதாரண மனிதனாக இருந்தால் இயந்திரத்தைச் சந்தேகப்பட்டிருப்பான். அறிஞர் என்பதால் மனித குலத்தைச் சந்தேகப்பட்டார். ஆதியில் உலகம் முழுவதும் இடக்கையாகவே இருந்தது, பிறகு யாரோ சதி செய்து மாற்றிவிட்டார்கள் என்று முடிவு கட்டினார்.

இந்த இடத்தில் வாசகருக்கு ஒரு ரகசியத்தைச் சொல்லிவிடலாம். நம் ஆசிரியருக்கு இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் இது தெரியாது என்பதால், கொஞ்சம் மெதுவாகவே சொல்கிறேன்.

ஒவ்வொரு ஸ்லைடின் அட்டைச் சட்டத்திலும் ஒரு மூலையில் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி ஒட்டியிருக்கும். அதன்மேல் கட்டைவிரல் வரும்படி பிடித்துப் புரொஜக்டரில் செருகினால் படம் நேராக விழும். வாத்தியார் சேர்ந்த அதே வாரத்தில் ஸ்லைடு அறைக்கு உதவியாளராக ஒரு பெண்ணும் சேர்ந்திருந்தார். ஓய்வு பெற்றுப் போன பழைய ஸ்டோர்கீப்பர் அவரிடம் சாவிக்கொத்தைக் கொடுத்து, "கட்டைவிரல் புள்ளி மேல இருக்கணும்மா. அவ்வளவுதான் வித்தை" என்று சொல்லிவிட்டுப் போனார். எந்தக் கைக் கட்டைவிரல் என்று சொல்லவில்லை. கட்டைவிரல் என்றால் அது வலக்கையில்தான் இருக்கும் என்பது அவர் எண்ணம். அந்தப் பெண்ணோ பிறவி இடக்கைக்காரி. இடது கட்டைவிரலைப் புள்ளியின்மேல் வைத்து, பயபக்தியோடு, உலகத்தை ஒவ்வொன்றாகத் திருப்பிச் செருகினார். கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாகி, வலம் இடமாகிச் சுவரில் விழுந்தது உலகம்.

யாரும் கண்டுபிடிக்கவில்லையா என்று கேட்கலாம். ஐரோப்பியப் படங்களில் சிலவற்றில் ரோமன் எழுத்து இருக்கும். அது திரும்பி விழும்போது வகுப்பே கத்தும். உடனே அந்தப் பெண், "இதுல புள்ளியைத் தப்பா ஒட்டிட்டாங்க போல" என்று எடுத்து மாற்றிப் போடுவார். ஜப்பான் எழுத்து திரும்பினால் யார் கத்துவது? எகிப்தின் பட எழுத்து நேராக இருந்தால் மட்டும் என்ன புரிந்துவிடப்போகிறது? ஆக, நமக்குப் படிக்கத் தெரிந்த எழுத்தை உடையவன் மட்டும் நேராக நின்றான். மற்றவர்கள் எல்லாம் திரும்பி நின்றார்கள். எழுத்தில்லாத ஐரோப்பியர்கள் உட்பட. இதிலிருந்து நம் ஆசிரியர் எடுத்த முடிவு அவருடைய மேதைமைக்குச் சான்று: மனிதன் எழுத்தறிவு பெற்ற அன்றே இடக்கையை இழந்தான்! இது அவருடைய புத்தகத்தில் தனி அத்தியாயம்.

புத்தகங்கள் அவரோடு ஒத்துப்போகவில்லை. அது புத்தகங்களின் பிரச்சினை. எகிப்துச் சிலைகள் இடது காலை முன்வைத்து நிற்கும் என்று எல்லா நூலும் சொன்னது. சுவரில் வலது கால் முன்னால் இருந்தது. "அச்சுப்பிழை" என்றார். ஒரு நூலில் மட்டும் என்றால் பிழை, எல்லா நூலிலும் எப்படி சார் என்று ஒரு மாணவி கேட்டதற்கு, "ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் காப்பி அடிச்சா அப்படித்தான்" என்றார்.

ஜப்பான் விவகாரம் இன்னும் சோகமானது. அங்கே உயிரோடு இருப்பவர்கள் உடையின் இடப்பக்கத்தை வலப்பக்கத்தின் மேல் மடித்து உடுத்துவார்கள்; பிணத்துக்குத்தான் வலப்பக்கம் மேலே வரும். இதை எங்கோ படித்திருந்தார். சுவரைப் பார்த்தார். தெருவில் போகும் பெண், தலை வாரும் பெண், கடிதம் படிக்கும் பெண், எல்லோருக்கும் வலப்பக்கம் மேலே. அன்றிலிருந்து ஜப்பானிய அச்சுப்படங்கள் எல்லாமே இறந்தவர்களின் நினைவுப் படங்கள் என்று பாடம் நடத்தினார்.

"சார், இந்தப் பொண்ணு மழையில குடை பிடிச்சிக்கிட்டுப் போகுதே சார்?"

"ஏன், செத்தவங்களுக்கு மழை பெய்யாதா?"

மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். தேர்விலும் எழுதினார்கள். விடைத்தாளைத் திருத்தியவரும் அவரே என்பதால் எல்லோரும் தேறினார்கள்.

கல்யாணமும் இந்தத் தத்துவத்தின் கிளைதான். ஒருநாள் வகுப்பு முடிந்து புரொஜக்டர் பக்கம் போனவர், அந்தப் பெண் ஸ்லைடுகளைப் பெட்டியில் அடுக்குவதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"நீங்க... இடக்கையா?"

அவர் சட்டென்று கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். சின்ன வயதில் அந்தக் கைக்காக வாங்கிய அடிகளுக்கு அளவில்லை. சொந்த அம்மாவே அதை ஒரு குறைபோலப் பேசுவார். "மாத்தத்தான் சார் பாக்குறேன். மாற மாட்டேங்குது."

"மாத்தாதீங்க! அது ராஜா கைம்மா!"

அந்தக் கையை அதுவரை யாரும் பாராட்டியதில்லை. ராஜாவை வேறு சாட்சிக்கு இழுத்துப் பாராட்டினால் எந்தப் பெண்தான் என்ன செய்வாள்? அவர்கள் குடித்தனம் தொடங்கியபோது கூடத்தில் முதலில் ஏறியது ராஜா படம்தான். ஸ்லைடிலிருந்து பெரிதாக்கி, சட்டம் போட்டது. ராஜா அங்கேயும் இடக்கையில்தான் பூ வைத்திருந்தார், ஏனென்றால் ஸ்டுடியோவில் ஸ்லைடை மாட்டிக் கொடுத்ததும் அந்த அம்மாள்தான்.

அதற்குப் பிறகு இடக்கை பற்றி யார் வாயைத் திறந்தாலும் வாத்தியாரம்மாள் பேசமாட்டார். படத்தைக் கைகாட்டுவார். இடக்கையாலேயே கைகாட்டுவார். அவருடைய அம்மாவே அந்தப் படத்தின் முன் வாயடைத்துப் போனார். அடங்காத ஒரே ஆள் அவருடைய தம்பி. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். இடம் வலம் தெரியாதவர்களோடு பிழைப்பு நடத்தி நடத்தி, அவருக்கு மனிதர்கள்மேல் மரியாதை போய்விட்டது.

"அத்தான், உங்க ராஜா என்கிட்ட வண்டி கத்துக்க வந்தா, கியர் போடும்போது பூவை எங்க வைப்பாரு?"

"உன் காதுல வைப்பாருடா" என்பார் அக்கா.

காலம் ஓடியது. புரொஜக்டர் போய்க் கணினி வந்தது. அம்மாள் ஸ்லைடுகளைச் சுவரில் விழவைத்து, அதைப் படம் பிடித்துக் கணினியில் ஏற்றினார். பிழையும் நவீனமானது. இணையத்தில் மாணவர்கள் தேடிப் பார்த்து, "சார், இதுல எகிப்துக்காரன் இடது காலை வச்சிருக்கான்" என்று காட்டினால், "செல்ஃபி எடுத்தா இடம் வலம் மாறிடுது இல்ல? அதுமாதிரி. வலைத்தளத்தை நம்பிக் கலை படிக்காதீங்க" என்பார். கரும்பலகையின் மேற்புறத்தில் அவர் கைப்பட ஒரு பழமொழி எழுதியிருந்தது: கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். அதையும் இடக்கையால் எழுதியிருந்தார். அவர் வலக்கைக்காரர் என்பதால் யாராலும் படிக்க முடியவில்லை.

ராஜா மட்டும் இணையத்தில் இல்லை. அவர் தூரதேசத்து அருங்காட்சியகம் ஒன்றின் நிலவறையில், பெட்டிக்குள், சிவனே என்று கிடந்தார். அங்கேயே கிடந்திருக்கலாம்.

ஒருநாள் செய்தி வந்தது. அந்த அருங்காட்சியகம் தன் ஓவியங்களை ஊர் ஊராக அனுப்புகிறது. நம்மூர் அருங்காட்சியகத்துக்கும் வருகிறது. வருகிறவர்களில் ராஜாவும் ஒருவர்.

இடக்கையார் வீட்டுக்குள் ஒரு குதி குதித்தார். அவருடைய வாழ்நாள் நூலான "மலர் ஏந்திய இடக்கை: உலகக் கலையின் மறைக்கப்பட்ட பாதி" அச்சாகித் தயாராக இருந்தது. அதை அசல் ராஜாவின் முன்னிலையில் வெளியிடுவது என்று முடிவாயிற்று. அச்சிட்டவர் அச்சக உரிமையாளர். அவரே ஊரின் இடக்கையர் நலச் சங்கத்தின் தலைவர். கத்தரிக்கோல், வகுப்பறை மேசை, டின் திறக்கும் கருவி ஆகியவை வலக்கையருக்காகவே செய்யப்படுவதை எதிர்த்துப் பல ஆண்டுகளாகப் போராடி வரும் சங்கம். இன்னும் கத்தரிக்கோலைக்கூட வெல்லவில்லை. பேனர், ரசீது, உறுப்பினர் அட்டை எல்லாவற்றிலும் ராஜாதான் சின்னம்.

"சார், மொதல் பிரதியை உங்க வீட்டம்மாதான் வாங்கணும். இடக்கையால வாங்கணும். எங்க ஆளுங்க கை தட்டுற தட்டுல அந்தக் கட்டடம் இடிஞ்சிடும்" என்றார் தலைவர்.

கல்லூரி முதல்வர் வாழ்த்துரை. புதிதாக ஆரம்பிக்கும் கலைத் துறைக்கு இடக்கையாரையே தலைவராக்குவதாக அந்த மேடையில் அறிவிப்பார் என்றும் பேச்சு. அம்மாள் விழாவுக்குப் புதுப் புடவை எடுத்தார். மேடையில் என்ன பேசுவது என்று நிலைக்கண்ணாடி முன் நின்று ஒத்திகையும் பார்த்தார். "எங்கம்மா இருந்து பாத்திருக்கணும்" என்று அவர் சொன்னது அந்த வாரத்தில் அதிகம் கேட்ட வாக்கியம்.

விழாவுக்கு முந்தின நாள் பிற்பகல், ராஜாவைச் சுவரில் மாட்டிவிட்டோம், வந்து பாருங்கள் என்று அருங்காட்சியகக் காப்பாட்சியரிடமிருந்து அழைப்பு வந்தது. இடக்கையார் தலைமுடியைப் படிய வாரிக்கொண்டு போனார்.

முதல் அதிர்ச்சி, அளவு. இத்தனை காலமாகச் சுவர் முழுக்க விரிந்து கிடந்த ராஜா, உண்மையில் ஒரு பள்ளிக்கூடச் சிலேட்டு அளவுதான் இருந்தார். கம்பளம் கைக்குட்டை அளவு. "இவ்வளவு சின்னவரா?" என்று குனிந்தார்.

குனிந்தவர் நிமிரவில்லை.

ராஜா வலக்கையில் பூ வைத்திருந்தார். இடக்கை சும்மா மடியில் கிடந்தது.

"என்ன சார், ஆச்சா?" என்றார் காப்பாட்சியர். சிரித்த முகம் கொண்ட, கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பெண்.

"இதைத் திருப்பி மாட்டியிருக்கீங்க, மேடம்."

"திருப்பி மாட்டினா சுவர்தான் சார் பாக்கும். நமக்கு அட்டைதான் தெரியும்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இடக்கையார் கூடத்தையே குறுக்கும் நெடுக்குமாக அளந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"மேடம், உங்ககிட்ட முகம் பாக்குற கண்ணாடி இருக்கா?"

காப்பாட்சியர் கைப்பையிலிருந்து ஒரு வட்டக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். இடக்கையார் ராஜாவுக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணாடியைத் தோளுக்கு மேலே தூக்கிப் பார்த்தார். அதோ! அவருடைய ராஜா, இடக்கையில் பூவோடு, கண்ணாடிக்குள் உட்கார்ந்திருந்தார்.

"நல்லா இருக்கீங்க சார்" என்றார் காப்பாட்சியர், அவர் தன்னைத்தான் பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்து.

வீட்டுக்குப் போகும் வழியில், இடக்கையாரின் மூளை அதன் வாழ்நாளிலேயே முதன்முறையாக முழு வேகத்தில் வேலை செய்தது. தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. வந்திருப்பது போலி என்று சொல்லிவிடலாம். கலை வரலாற்றில் அந்த வசதி எப்போதும் உண்டு. அசல் எது என்று கேட்டால் "ஆய்வு தேவை" என்று சொல்லலாம். அதற்கு யாரும் மறுப்புச் சொல்லமாட்டார்கள். துறைத் தலைவர் பதவி நிற்கும். புத்தகம் நிற்கும். இதெல்லாம் சரி. தெரு முனையில் திரும்பியபோது, அம்மாளின் கை நினைவுக்கு வந்தது. கூடத்துப் படத்தை நோக்கி நீளும் அந்தக் கை. அதற்கப்புறம் நடை கொஞ்சம் தளர்ந்தது.

வீட்டில் மைத்துனர் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். "என்ன அத்தான், ராஜா சௌக்கியமா? மூஞ்சி இஞ்சி தின்ன குரங்கு மாதிரி இருக்கு?"

இடக்கையார் பரண்மேல் இருந்த பழைய புரொஜக்டரை இறக்கினார். கல்லூரி தூக்கிப் போட்டபோது வீட்டுக்குக் கொண்டுவந்தது. ஜன்னலைச் சாத்தினார். மனைவியைக் கூப்பிட்டார்.

"அந்த ராஜா ஸ்லைடைப் போடேன்."

"இப்பவா? நாளைக்கு அசலையே பாக்கப்போறோமே?"

"சும்மா போடு."

அம்மாள் புடவைத் தலைப்பால் ஸ்லைடைத் துடைத்தார். இடது கட்டைவிரலைச் சிவப்புப் புள்ளியின்மேல் வைத்தார். செருகினார். சுவரில் ராஜா இடக்கையில் பூவோடு வந்தார்.

இடக்கையார் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்லைடை எடுத்து, வலது கட்டைவிரலைப் புள்ளியின்மேல் வைத்துச் செருகினார். அருங்காட்சியகத்து ராஜா வந்தார்.

"ஏங்க திருப்பிப் போடுறீங்க? ராஜா வலக்கை ஆயிட்டாரு பாருங்க" என்றார் அம்மாள். புரொஜக்டரின் விசிறி இரைந்தது. அம்மாள் ராஜாவைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், கடைசியாகத் தன் கட்டைவிரலைப் பார்த்தார்.

"அங்க... அசல்ல எப்படி இருக்காரு?"

"இப்படித்தான்."

மைத்துனர் பத்திரிகையை மடித்து வைத்தார். வாழ்க்கையில் இப்படி ஒரு சந்தர்ப்பம் ஒருமுறைதான் வரும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. அவர் வரலாற்றில் இது ஒரு சாதனை.

"அப்ப எகிப்து?" என்றார் அம்மாள்.

"அதுவும் திரும்பித்தான்."

"மெக்சிகோ?"

"ம்."

"ஜப்பான் பொண்ணுங்க?"

"உயிரோடதான் இருந்திருக்காங்க."

"அடப்பாவி மனுஷா! எத்தனை பொண்ணுங்களைக் கொன்னிருக்கீங்க!"

"நீ போட்ட ஸ்லைடு."

"நீங்க நடத்துன பாடம்!"

சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. அம்மாள் கூடத்துப் படத்தின் கீழே போய் உட்கார்ந்தார்.

"எங்கம்மா வாயை அடைச்சது இந்தப் படம். பள்ளிக்கூடத்துல என்னைக் கேலி பண்ணவங்களை எல்லாம் மனசுக்குள்ள வரிசையா நிக்கவச்சு இந்தப் படத்தைக் காட்டியிருக்கேன். கடைசியில ராஜாவும் அவங்க கட்சிதானா?"

இடக்கையார் புரொஜக்டரை அணைத்தார். "அந்தப் படம் போலின்னு சொல்லிடலாம். யாரும் கேக்கமாட்டாங்க. நீ மேடையில வழக்கம்போல..."

"போலியா?"

"இல்ல. அசல்தான்."

"அப்பறம்? ஊருக்கு வந்த விருந்தாளியைப் போலின்னு சொல்லித்தான் என் கையைக் காப்பாத்தணுமா? என் கைக்கு ஒரு ராஜாவோட சிபாரிசும் வேணாம்." கணவர் பக்கம் திரும்பினார். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. என் கையைப் பாத்துத்தானே என்னைக் கட்டிக்கிட்டீங்க? ராஜா வலக்கைன்னு அன்னிக்கே தெரிஞ்சிருந்தா?"

எகிப்துக்கும் மெக்சிகோவுக்கும் எடுத்த எடுப்பில் பதில் சொன்ன மனிதர், இதற்கு மட்டும் நெடுநேரம் எடுத்துக்கொண்டார்.

"அன்னிக்கு வகுப்புல நான் திரையைப் பாத்தது பாதி நேரம்தான்" என்றார், தரையைப் பார்த்து. "மீதி நேரம் திரும்பிப் புரொஜக்டர் பக்கம்தான் பாத்துக்கிட்டிருந்தேன். ராஜா சரியா இருக்காரா தப்பா இருக்காரான்னு யாரு பாத்தா?"

மைத்துனர் மெதுவாக எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் வெளியே போனார்.

"இதை மட்டும் நாளைக்கு மேடையில சொல்லாதீங்க" என்றார் அம்மாள். "மத்ததை எல்லாம் சொல்லிடுங்க."

மறுநாள் அருங்காட்சியகக் கூடம் நிரம்பி வழிந்தது. முன்வரிசை முழுக்க இடக்கையர் சங்கம். மேடையில் முதல்வர், அச்சக உரிமையாளர், நடுவே பின்சுவரில் வெல்வெட் துணி மூடிய சிலேட்டு அளவு ராஜா. துணியை விலக்கினார்கள். கை தட்டினார்கள். தட்டிக்கொண்டே இருந்தவர்களில் ஒருவர் நிறுத்தினார். பக்கத்திலிருந்தவர் நிறுத்தினார். அப்புறம் கூடம் முழுக்கத் தலைகள் ராஜாவுக்கும் பேனருக்குமாகத் திரும்பித் திரும்பி ஆடின, டென்னிஸ் பார்ப்பதுபோல. பேனரில் இடம், சுவரில் வலம்.

இடக்கையார் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"என் புத்தகத்துல இருக்கறது எல்லாம் தப்பு" என்றார்.

அச்சக உரிமையாளர் நாற்காலிக்குள் சரிந்தார். முதல்வர் சட்டைப்பையிலிருந்து எடுக்கப்போன அறிவிப்புக் காகிதத்தை உள்ளேயே தள்ளினார்.

"எகிப்துக்காரங்க இடது காலைத்தான் முன்னால வச்சாங்க. ஜப்பான் பொண்ணுங்ககிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். ராஜா வலக்கைக்காரர். ஸ்லைடைத்தான் திருப்பிப் போட்டுட்டோம். இத்தனை வருஷமா, எல்லாத்தையும்."

முதல் வரிசையிலிருந்து ஒரு குரல்: "அப்ப ராஜா நம்ம ஆளு இல்லையா?"

இன்னொரு குரல்: "எவன்யா திருப்பிப் போட்டவன்?"

"நான்தான்" என்று அம்மாள் எழுந்தார். கணவர் கையிலிருந்த ஒலிபெருக்கியை இடக்கையால் வாங்கினார். கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "புள்ளி மேல கட்டைவிரலை வைன்னு சொன்னாங்க. எந்தக் கைக் கட்டைவிரல்னு சொல்லல. சொல்லணும்னுகூட அவங்களுக்குத் தோணல. எனக்கு என் கட்டைவிரல்தான் கட்டைவிரல். வச்சேன். உலகம் திரும்பிடுச்சு. இதுல என் தப்பு எவ்வளவுன்னு நீங்களே சொல்லுங்க."

முன்வரிசையில் ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் கத்தரிக்கோலையும், டின் திறக்கும் கருவியையும், முழங்கை இடித்த வகுப்பறை மேசையையும் நினைத்துக்கொள்வது முகத்தில் தெரிந்தது. பிறகு யாரோ ஒருவர் தட்ட ஆரம்பித்தார். பெஞ்சு கிடுகிடுத்தது.

"இதுக்கு எதுக்குய்யா கை தட்றாங்க?" என்று முதல்வர் பக்கத்து நாற்காலியில் சரிந்து கிடந்தவரிடம் கேட்டார்.

அச்சக உரிமையாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணில் நீர். "சார், நாங்க இத்தனை பேரு சேந்து சங்கம் வச்சு ஒரு கத்தரிக்கோலைத் திருப்ப முடியல. இந்தம்மா தனி ஆளா நின்னு உலகத்தையே திருப்பியிருக்காங்க!"

முதல் பிரதியை அம்மாள் இடக்கையால்தான் வாங்கினார். உள்ளே இருப்பது தவறு என்று எழுதியவரே சொன்ன பிறகு கை தட்டலோடு வெளியான நூல் வேறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

துறைத் தலைவர் பதவி பொருளாதாரம் நடத்துகிறவருக்குப் போயிற்று. அவருக்குக் கலை தெரியாது என்பதால் தவறு நேர வாய்ப்பில்லை என்று முதல்வர் விளக்கினார். வெளியூரில் இதே பாடத்தை நடத்தும் பழைய மாணவர்கள் போனில் அழுதார்கள். "சார், நான் வாங்குன பட்டம் என்னாகும்?" என்று ஒருவர் கேட்டார். "சுவத்துல மாட்டியிருந்தா எதிர்ல ஒரு கண்ணாடி வைங்க" என்றார் இடக்கையார். அந்த யோசனை அச்சக உரிமையாளரின் காதுக்கு எட்டியது. அட்டையின் உள்பக்கம் ஒரு சின்னக் கண்ணாடியை ஒட்டி, "படங்களை இதில் பார்த்துப் படிக்கவும்" என்று ஒரு சீட்டும் வைத்து விற்க ஆரம்பித்தார். பிரதிகள் தீர்ந்துவிட்டன. முக்கியமாகப் பெண்கள் விடுதிகளில் நல்ல விற்பனை என்று கேள்வி.

சங்கம் சின்னத்தை மாற்றியது. இப்போது பேனரில் ராஜா இல்லை. சிவப்புப் புள்ளியின்மேல் ஒரு இடது கட்டைவிரல் இருக்கிறது. கூடத்துப் படத்தை மட்டும் அம்மாள் கழற்றவில்லை. "இது தப்பு ராஜா ஆச்சே அக்கா" என்று தம்பி கேட்டதற்கு, "அங்க இருக்கறவரு அவங்க ராஜா. இவரு நான் செஞ்ச ராஜா" என்றார்.

இடக்கையாருக்கோ உறக்கம் போய்விட்டது. எகிப்துக்காரனின் காலை நேரில் பார்த்தே தீரவேண்டும், ஸ்லைடையும் நம்பமாட்டேன், புத்தகத்தையும் நம்பமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். கடைசியில் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க மனைவியோடு ஸ்டுடியோவுக்குப் போனார். தலையை நேராக வைத்து, இரண்டு காதும் தெரிய உட்கார்ந்தார். படம் வந்தது. கையில் வாங்கிப் பார்த்தார். தினமும் ஷேவ் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிற மச்சம், படத்தில் மறு கன்னத்தில் இருந்தது.

"தம்பி," என்றார் ஸ்டுடியோக்காரரிடம், "இதைத் திருப்பிப் போட்டுட்டீங்க."

"வாயை மூடிக்கிட்டு வாங்க" என்று அம்மாள் படத்தை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார், இடக்கையால்.